டீப்பாய் மேல் ஒரு சிக்குக் கோலம்

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் புது வீடு. வரவேற்பறைக்கு ஒரு டீப்பாய் வேண்டும். வெளிநாட்டு டிசைனர் ஒருவர் செய்த மர மேசையைப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள்: இரண்டே வகைச் சாய்சதுரத் துண்டுகள், நட்சத்திரம் நட்சத்திரமாகச் சேர்ந்து வருகின்றன, ஆனால் முழு வடிவமும் எங்கேயும் அப்படியே திரும்ப வருவதில்லை. அதை நம் ஊர் ஆசாரியை வைத்துத் தேக்கிலேயே செய்ய முடியுமா, எவ்வளவு வேலை பிடிக்கும், பிறகு ஏதாவது தொந்தரவு வருமா என்பது கேள்வி.

செய்யலாம். ஆனால் முழுத் தேக்குத் துண்டுகளை ஒட்டிச் செய்யாதீர்கள். செய்தால் அடுத்த ஐப்பசி அடைமழையில் மரம் தன் வேலையைக் காட்டிவிடும். எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறது.

நீங்கள் பார்த்தது பென்ரோஸ் ஓடு. 1970-களில் ரோஜர் பென்ரோஸ் கண்டுபிடித்தது. கருந்துளை ஆராய்ச்சிக்காக 2020-ல் இயற்பியல் நோபல் வாங்கினாரே, அதே பென்ரோஸ்தான். ஒரு தடித்த சாய்சதுரம், அதன் கோணங்கள் 72, 108 பாகை. ஒரு ஒல்லிச் சாய்சதுரம், அதற்கு 36, 144 பாகை. பக்க நீளம் இரண்டுக்கும் ஒன்றே. எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேரலாம் என்று ஒரு விதி உண்டு. அதை மீறாமல் அடுக்கினால் தரை எவ்வளவு பெரிதானாலும் நிரம்பும், ஆனால் மொத்த வடிவத்தை நகர்த்தி இன்னோர் இடத்தில் வைத்துப் பொருத்த முடியாது. பெரிய பரப்பில் எண்ணிப் பார்த்தால் ஒல்லி ஒன்றுக்குத் தடித்தது 1.618 என்ற கணக்கில் வரும். தங்க விகிதம் என்பார்களே, அதேதான். பென்ரோஸ் இதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். கழிவறைத் தாளில் யாரோ இந்த வடிவத்தைப் பதித்துவிட்டார்கள் என்று 1997-ல் வழக்குக்கூட நடந்தது. அதோடு ஒப்பிட்டால் உங்கள் டீப்பாய் அந்த வடிவத்துக்கு மரியாதையான இடம்.

இப்போது என் கதை. 2013 வைகாசியில், எனக்காகவே, வட்டமான மேற்பலகை ஒன்று செய்தேன். விட்டம் 900 மி.மீ., துண்டின் பக்கம் 75 மி.மீ., கனம் ஓர் அங்குலம். எல்லாம் பழைய பர்மாத் தேக்கு. கத்திரி வெயில், மேற்கே இருந்து காய்ந்த காற்று, பசை ஒரே இரவில் இறுகியது. இழைத்து முடித்தபோது துண்டுகளுக்கு நடுவே நகம் நுழையாது. தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஐப்பசி வந்தது. ஒரு வாரம் விடாத மழை. ஒரு நாள் காலையில் தம்ளரை வைத்தால் லேசாக ஆடுகிறது. கண்ணை மேசையின் விளிம்புக்கு இறக்கிப் பார்த்தேன். நடுப்பகுதி சுட்ட அப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. சரி, வெயில் வந்தால் இறங்கிவிடும் என்று விட்டேன். இறங்கியது. இறங்கும்போது இருபது முப்பது இடத்தில் பிளவு விட்டது. ஒரு தபால் அட்டை தாராளமாக நுழையும்.

பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும், விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு அனேகமாக இல்லை. அகலவாக்கில் உண்டு. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம், மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏறக்குறைய அதில் பாதி. தேக்கு இருப்பதிலேயே சாதுவான மரங்களில் ஒன்று. அப்படியிருந்தும் மரத்தின் ஈரம் நான்கு சதவீதப் புள்ளி ஏறினால், தட்டையாக அறுத்த இரண்டடி அகலப் பலகை 4 மி.மீ. வரை விரியும். ஒரு நூலுக்கும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) மேல். கடலோரம் இருக்கும் நம் ஊரில் கோடைக்கும் அடைமழைக்கும் நடுவே, அல்லது ஏ.சி. போட்ட அறைக்கும் போடாத அறைக்கும் நடுவே, இந்த வித்தியாசம் சர்வ சாதாரணம்.

சாதாரண மேசைப் பலகையில் எல்லாத் துண்டின் ரேகையும், அதாவது மர நாரும், ஒரே திசையில் ஓடும். எல்லாம் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும், சண்டை இல்லை. பென்ரோஸில் பக்கங்கள் ஐந்து திசையில் போகின்றன. ஒவ்வொரு சாய்சதுரத்தின் ரேகையும் அதன் பக்கத்தை ஒட்டி ஓடினால், ஒரு துண்டு விரியும் திசையில் பக்கத்துத் துண்டு அசையவே அசையாது. நூற்று நாற்பது துண்டுகள் ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளுகின்றன. போக வழியில்லை, அதனால் மேலே எழும்புகின்றன.

ஆகவே பென்ரோஸ்தான் வேண்டும் என்றால் ஒரே வழி, மரத்தை மெல்லிசாக்கி, அசையாத ஒன்றின் மேல் ஒட்டுவது. அடியில் 18 மி.மீ. ப்ளைவுட், தண்ணீர் தாங்கும் பி.டபிள்யு.ஆர். ரகம். மேலே 3 மி.மீ. கனத்தில் அறுத்த துண்டுகள், அல்லது கடையில் கிடைக்கும் வெனீர் என்ற மெல்லிய மரத் தகடு. மேலே ஒட்டிய அளவுக்கே அடியிலும் ஒட்ட வேண்டும், அது அழகில்லாத வெனீராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும். நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த அடிப்பக்கத்தில்தான், ஏனென்றால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

துண்டு அறுப்பதில் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். ஒவ்வொன்றாக வரைந்து அறுக்காதீர்கள். பக்கம் 75 மி.மீ. என்றால், தடித்த துண்டுக்கு 71.3 மி.மீ. அகலத்தில் நீளமான பட்டி கிழித்துக்கொண்டு, வாளை 72 பாகையில் நிறுத்தி, 75 மி.மீ. நகர்த்தி நகர்த்தி வெட்டிக்கொண்டே போகலாம். ஒல்லிக்குப் பட்டி அகலம் 44.1 மி.மீ., கோணம் 36. இங்கேதான் சிக்கல். குறுக்கு வெட்டிலிருந்து பார்த்தால் முதலாவதற்கு மெஷினை 18 பாகைதான் சாய்க்க வேண்டும், அது எல்லா மெஷினிலும் உண்டு. இரண்டாவதற்கு 54 பாகை. சாதாரணமாகக் கிடைக்கும் வெட்டு மெஷின்கள் பெரும்பாலும் 45, போனால் 50 பாகையோடு நின்றுவிடும். அதனால் ஒல்லித் துண்டுக்கென்று தனியாக ஒரு கட்டை அச்சு செய்தே தீர வேண்டும். ஆசாரியிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் "பார்த்துக்கலாம் சார்" என்பார், கையால் வெட்டுவார்.

கையால் வெட்டினால் என்ன? ஐந்து தடித்த துண்டுகள் ஒரு புள்ளியில் சேர்ந்து நட்சத்திரமாகும் இடத்தைப் பாருங்கள். ஐந்து 72, மொத்தம் 360. ஒவ்வொன்றிலும் அரை பாகை குறைந்தால் போதும், சுற்றி வரும்போது இரண்டரை பாகை பாக்கி நிற்கும். 75 மி.மீ. தள்ளி, துண்டின் நுனியில், அது 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளக்கும். அரை பாகை என்பது கண்ணுக்குத் தெரியாது. பிளவு வாசலிலிருந்தே தெரியும்.

எத்தனை துண்டு? 900 மி.மீ. வட்டத்துக்குச் சராசரியாக 140. அதில் தடித்தது 86, ஒல்லி 53 என்ற அளவில் வரும். விளிம்பில் வெட்டுப்படுபவை தனி. நான் என்றால் நூறும் அறுபத்தைந்துமாக அறுத்து வைப்பேன். ஆள் கணக்கில், அறுக்கவும் அடுக்கவும் மட்டும் ஒரு வாரம். முழு அளவுப் படத்தைத் தாளில் அச்சடித்து மேசையில் விரித்து அதன் மேல் அடுக்குங்கள். விதியை மனதில் வைத்து அடுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இருபது துண்டு வரை சரியாக வரும், அப்புறம் ஓர் இடத்தில் எதுவுமே பொருந்தாது, எங்கே தப்பு நடந்தது என்று தேடினால் பதினைந்து துண்டுக்கு முன்னால் இருக்கும்.

ஒரே வகைத் துண்டால் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். 2023 மார்ச்சில் 'தொப்பி' என்று ஒரு வடிவம் வெளியானது. டேவிட் ஸ்மித் என்பவர் கண்டுபிடித்தது, கணிதம் அவருடைய தொழில் அல்ல, ஆர்வம். பதின்மூன்று பக்கம். அந்த ஒரே வடிவம் தரையை நிரப்பும், திரும்ப வராது. ஆனால் ஏறக்குறைய எட்டில் ஒன்றைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டும். முழு மரத் துண்டென்றால் திருப்பலாம். ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டிய துண்டைத் திருப்பினால் ப்ளைவுட்தான் தெரியும். அந்த எட்டில் ஒன்றைக் கண்ணாடி பிம்பமாகத் தனியே வெட்ட வேண்டும். தவிர, அதில் உள்வாங்கிய மூலைகள் உண்டு. வட்ட வாளால் அதை வெட்ட முடியாது, கணினி ஓட்டும் சி.என்.சி. ரூட்டருக்குத்தான் போக வேண்டும். ரூட்டர் பிட்டு உருண்டை என்பதால் உள்மூலை கூராக வராது. ஒவ்வொரு மூலைக்கும் உளி பிடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தால் வாழ்த்துகள்.

வொரோனாய் (ஒழுங்கில்லாத பலகோணக் கட்டங்கள்), தேன்கூடு என்று துளை துளையாக வெட்டிக் கண்ணாடி மூடும் டிசைன்களும் இப்போது ஓடுகின்றன. அவற்றை ப்ளைவுட்டில் மட்டும் வெட்டுங்கள். முழு மரத்தில் வெட்டினால் ரேகைக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய பாலங்கள் பிஸ்கட் மாதிரி ஒடியும். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, ஆனால் வீடு துடைக்கும் ஈரத்துணி நாலு தடவை பட்டால் ஊதிவிடும்.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். இனி, என் வீடாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்பது.

முழு மரத்தில் எந்த வடிவம் பிழைக்கும் என்று யோசித்தால் இரண்டுதான் மிஞ்சுகின்றன: புள்ளியும் காடியும். பத்து மி.மீ. புள்ளி எவ்வளவு விரிந்துவிடப் போகிறது? காடி என்பது வெறும் பள்ளம், பலகை விரிந்தால் அதுவும் கூடவே விரியும். யாரையும் தள்ளாது. புள்ளியும் வளையும் கோடும் என்றதும் உங்களுக்கே தோன்றியிருக்கும். அந்தக் கணிதம் தினமும் காலையில் வாசலில் இருக்கிறது.

சிக்குக் கோலத்தைக் கணிதம் என்று நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், 1970-களில் கோலங்களை வைத்துக் கணினி மொழிகளின் இலக்கணத்தில் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரே ஒரு கணக்கு போதும். நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பி, அதாவது கோலத்தின் கோடு, வெட்டிக்கொள்ளும்படி போடும் சாதாரணச் சிக்குக் கோலத்தில், மொத்தம் எத்தனை கம்பி வரும்? வரிசை எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீ.பொ.கா. எவ்வளவோ அத்தனை. ஆறாம் வகுப்பில் படித்த அதே மீப்பெரு பொதுக் காரணி. ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து தனித்தனி வளையம். ஆறுக்கு நான்கு என்றால் இரண்டு. எட்டுக்கு ஐந்து என்றால் ஒன்றே ஒன்று: நாற்பது புள்ளியையும் ஒரே கம்பி சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். வழியில் தன்னைத்தானே 67 இடத்தில் வெட்டிக்கொள்ளும்.

எட்டும் ஐந்தும் ஃபிபனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) அடுத்தடுத்த எண்கள் என்பது கூடுதல் லாபம். வகுத்தால் 1.6, தங்க விகிதத்துக்குப் பக்கம். டீப்பாய்க்கு அந்த நீள அகலம் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். புள்ளிக்குப் புள்ளி 115 மி.மீ. வைத்தால் கோலம் 920-க்கு 575. நாலு பக்கமும் 40 விட்டால் பலகை 1000-க்கு 655. உயரம் 420, சோபாவின் இருக்கை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. மேற்பலகைக்கு மரம் அரைக் கன அடிக்குச் சற்று மேல்தான், கழிவும் கால்களும் சேர்த்தால் ஒன்றரைக் கன அடி. செலவு மரத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது.

இப்படி ஒன்று செய்தபோது என் அம்மா பட்டறைக்கு வந்திருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் அறுபது வருஷம் வாசல் தெளித்தவர்கள். சி.என்.சி.யில் காடி வெட்டிக் கொண்டுவந்து போட்ட பலகை, இன்னும் பாலிஷ் இல்லை, தூள்கூடத் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் ஓர் இடத்தில் ஆள்காட்டி விரலைக் காடிக்குள் வைத்து இழுத்துக்கொண்டே போனார்கள். வெட்டும் இடம் வரும்போதெல்லாம் விரல் ஒரு கணம் நின்று நேரே தாண்டும். மேசையைச் சுற்றி நடந்தார்கள், பாதியில் ஒரு தடவை எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். விரல் தொடங்கிய இடத்தில் வந்து முட்டியது. விரல் நுனி முழுக்க மஞ்சள் தூள். "ம், ஒரே கம்பிதான்" என்று சொல்லிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்கள். நான் கணக்கில் நிரூபித்ததைவிட எனக்கு அது திருப்தியாக இருந்தது.

காடியை 6 மி.மீ. உருண்டை முனைப் பிட்டால் வெட்டச் சொல்லுங்கள், ஆழம் இரண்டரை மி.மீ. வி வடிவக் காடி படத்தில் கூர்மையாக, அழகாகத் தெரியும். ஆனால் அதில் முறுக்குத் தூள் போய் உட்கார்ந்தால் குண்டூசி கொண்டுதான் எடுக்க வேண்டும். உருண்டைக் காடி ஈரத்துணிக்கே வழிவிடும். ஒரே வீச்சில் முழு ஆழமும் வெட்டினால் ரேகைக்கு எதிராகப் போகும் வளைவுகளில் நார் பிய்யும். முதலில் 2 மி.மீ., அப்புறம் புதுப் பிட்டு போட்டு மிச்ச அரை மி.மீ. காடிக்குள் பித்தளைக் கம்பி பதிக்கலாமே என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. பித்தளைக்கு மழை வெயில் தெரியாது. மரம் சுருங்கும்போது கம்பி சுருங்காது, நடுநடுவே வளையமாக எழும்பும், வருகிறவர்கள் சட்டைக் கை மாட்டும். பித்தளை வேண்டுமென்றால் புள்ளிக்கு வையுங்கள்.

ஆனால் புள்ளிக்குப் பித்தளையைவிட எனக்குப் பிடித்தது பனை. பனஞ்சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: வெளிர் நிறத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெளித்திருக்கும். வெளி ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப்போகக் கலைந்தும். தேக்குக்கும் பலாவுக்கும் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளே இருக்கிறது, பனைக்கு வெளியே. இதனால்தான் தொல்காப்பியம் பனையை மரத்தில் சேர்க்காமல் புல்லில் சேர்க்கிறது. அந்த வெளி ஓரத்திலிருந்து 12 மி.மீ. உருளை கடைந்து, குறுக்கு முகம் மேலே தெரியும்படி நாற்பது துளையில் அடித்து இறக்கி, இழைத்துவிட்டால், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நூறு புள்ளி. கடலூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடங்களில் இந்தச் சட்டம் விறகுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உளி மழுங்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

கோடு வேண்டாம், புள்ளி மட்டும் போதும் என்றால் சூரியகாந்தி. மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் 137.5 பாகை திரும்பிக்கொண்டே போங்கள். தூரம் மட்டும் எண்ணின் வர்க்கமூலம். அதை 28 மி.மீ.யால் பெருக்கினால் 225-வது புள்ளி 420 மி.மீ. தூரத்தில் நிற்கும், 900 மி.மீ. வட்டப் பலகைக்கு அளவெடுத்த மாதிரி. நீங்கள் ஒரு சுருளும் வரையவில்லை, ஆனால் விளிம்பில் 34 சுருள் தானாகத் தெரியும், உள்ளே வர வர 21, 13. அன்னாசிப் பழத்தில் எண்ணினாலும் 8, 13 என்று இதே குடும்பம்தான் வரும்.

டிசைனர் மேசை என்றாலே வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் நகாஷிமா என்று ஒருவர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மேசைக்காரர்களில் ஒருவர், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கட்டடக் கலைஞராக 1937-ல் புதுச்சேரிக்கு வந்தார், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட், இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தவர் நகாஷிமா. அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். அந்த விடுதிக்கான தேக்குச் சாமான்களையும் அவர் வடிவமைத்தார். பின்னால் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டபோது ஒரு கட்டடத்துக்குக் கோனாய்டு என்ற கணித வளைபரப்பில் கான்கிரீட் கூரை வார்த்து, தன் நாற்காலி, மேசை வரிசைக்கு அந்த வளைபரப்பின் பெயரையே வைத்தார். கணிதத்தைக் கூரையில் வைத்தார். மேசைப் பலகையை மரம் வளர்ந்த விளிம்போடு அப்படியே விட்டார், வெடிப்பு இருந்தால் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஓர் ஆப்பு பதித்தார். எனக்கு இதில் ஒரு பாடம் இருந்தது, அப்பளம் சுட்ட பிறகுதான் புரிந்தது.

மரம்? நீங்கள் தேக்கு என்கிறீர்கள். நல்லது, ஆனால் புது மரம் வாங்காதீர்கள். நகரத்தில் பழைய வீடு இடிக்கும்போது வரும் உத்திரங்கள் ஐம்பது நூறு வருஷம் காய்ந்தவை. அறுக்கக் கொடுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள், இல்லையென்றால் அறுவை மில்லில் பிளேடுக்குக் காசு கேட்பார்கள். என் விருப்பம் பலா. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. மிருதங்கக் கட்டைக்குப் பேர்போன மரம் சாலையோரம் கிடந்தது. அப்போது இரண்டு மரம் வாங்கிப் பலகையாக அறுத்து அடுக்கி வைத்தேன். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது காற்றில் காயப்போடும் பழைய கணக்கு. அம்மாவின் விரலில் ஒட்டிய மஞ்சள் அந்த மரம்தான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சம் பட்டுப் பட்டு ஒரு வருஷத்தில் பழுத்த தேன் நிறத்துக்கும், பிறகு பழுப்புக்கும் போகும். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை நம்பிப் பலாவையும் தேக்கையும் கலந்து பென்ரோஸ் அடுக்கினால், இரண்டு வருஷத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். நிற வேறுபாடு நிலைக்க வேண்டுமென்றால் பலாவோடு பூவரசின் சாக்லேட் நிற வைரத்தைச் சேருங்கள். நம் கடலோரத்து மரம், மலிவு, இழைக்க நன்றாக வரும். எந்த மரமானாலும் ஈரம் பார்க்கும் மீட்டர் வைத்து 12 சதவீதம் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பசை தொடுங்கள்.

கால் விஷயத்தில் ஒரு வார்த்தை. டீப்பாய் என்ற சொல்லில் டீ இல்லை. இந்தியில் மூன்று, பாரசீகத்தில் கால், இரண்டும் சேர்ந்த முக்காலி அது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். பழைய மண் ஓடு பாவிய தரைக்கு அது வரம். ஆனால் சாயும். கால்கள் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், மூன்று காலில் அந்தத் தூரத்தில் பாதியைத் தாண்டி எடை வந்தாலே கவிழப் பார்க்கும். சதுரமாக நிற்கும் நான்கு காலில் 0.7 பங்கு வரை தாங்கும். வட்டப் பலகை, குழந்தை இல்லாத வீடு என்றால் மூன்று வையுங்கள். எட்டுக்கு ஐந்து கோலத்துக்கு நான்குதான். ஆடினால் மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஓரிடத்தில் நின்றுவிடும்.

பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். ஆசாரிகள் பலமாக இருக்கட்டும் என்று ஒட்டிவிடுவார்கள். அகலவாக்கில் நீளத் துளை போட்டு, வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் பலகை தன் இஷ்டத்துக்கு நகரும். பாலிஷ் மேலே எத்தனை கோட்டோ அடியிலும் அத்தனை. பிரெஞ்சு பாலிஷ் நம் ஊர்ப் பெயரோடு பொருந்தும், ஆனால் சூடான காபி டவராவை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷில் பளபளக்காத மேட் ரகம் போடுங்கள். பளபளப்பு போட்டால் காடி நிழல் தெரியாமல் ஜன்னல்தான் தெரியும்.

சி.என்.சி. கடைக்குப் படம் கொடுக்கும் முன் முழு அளவில் தரையில் சாக்பீஸால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையே போடச் சொல்லுங்கள். படத்தில் புள்ளி எட்டு, வரிசை ஐந்து என்று எழுத்திலும் எழுதிவிடுங்கள். ஒரு கடையில் மேசை கொஞ்சம் அகலமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவர்களாகவே ஒரு வரிசை கூட்டி எட்டுக்கு ஆறாக வெட்டித் தந்தார்கள். இரண்டு கம்பி ஆகிவிட்டது.